கூட்டாளிக்கு என்ன முறை?

(எங்கள் டிவிசன் மாதர் குழுவின் மாதாந்தக் கூட்டத்தில் பேசப்பட்டது. வர முடியாதவர்களும் படிக்கவேண்டும் என்று பலர் கேட்டதால் இங்கே தருகிறோம்.)



இன்றைக்கு நாங்கள் பேசப்போவது சந்தோஷமான விஷயம் இல்லை. ஆனால் பேசாமல் விடக்கூடிய விஷயமும் இல்லை. எங்களோடு ஒரே மலையில் கொழுந்தெடுத்த கூட்டாளி ஒருவர் போன மாதம் திடீரென்று இறந்துபோனது உங்களுக்குத் தெரியும். அவருடைய பெயரைச் சொல்லவேண்டிய அவசியம் இல்லை. இங்கே இருக்கிற எல்லோரும் அவர் வீட்டு இஸ்தோப்பில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தவர்கள்தான்.

அன்று காலையில் பிரட்டுக்கு வந்தார். வழக்கம்போல படங்கைக் கட்டிக்கொண்டு, கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலைக்கு ஏறினார். முதல் நாள் இரவே முதுகு வலிக்கிறது, நெஞ்சு எரிகிறது என்று சொல்லியிருக்கிறார். "வாயுவா இருக்கும்" என்று ஓமத்தண்ணி காய்ச்சிக் குடித்திருக்கிறார். பதினொரு மணி இருக்கும், நிரையிலேயே உட்கார்ந்தார். பிறகு எழும்பவில்லை. கொழுந்து லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஆஸ்பத்திரி வாசலைத் தொடுவதற்கு முன்னமே உயிர் போய்விட்டது. மாரடைப்பு என்று டாக்டர் சொன்னார்.

அடுத்த நாள் மறுநாள் எல்லாம் நடந்தது. வெள்ளைக் கொடி கட்டினார்கள், பந்தல் போட்டார்கள், தப்புச் சத்தம் கேட்டது, சொந்தபந்தம் எல்லாம் பஸ் பிடித்து வந்து சேர்ந்தது. அந்தக் கூட்டத்துக்குள் நாங்கள் பதினாலு பேர், அவரோடு பக்கத்து நிரையில் நின்று இருபது வருடத்துக்கு மேல் கொழுந்தெடுத்தவர்கள், என்ன செய்வது என்று தெரியாமல் லயத்துச் சுவரோரம் நின்றோம். அப்போதுதான் எங்களில் மூத்தவர் ஒருவர் மெல்லக் கேட்டார்: "ஏன்டி, மகனுக்கு ஒரு முறை இருக்கு, தம்பிக்கு ஒரு முறை இருக்கு, மாமன் மச்சானுக்கு ஒரு முறை இருக்கு. கூட்டாளிக்கு என்ன முறை இருக்கு?"

அந்தக் கேள்வியைப் பற்றித்தான் இன்று பேசுகிறோம்.

நமது சாவு வீட்டு முறைகளைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பிறந்த வீட்டார் கோடி போடவேண்டும். மகன் கொள்ளிக்குடம் தூக்கவேண்டும். பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடிக்கவேண்டும். சொந்தக்காரப் பெண்கள் நீர்மாலைக்குப் போகவேண்டும். பால் தெளிப்பதற்கும், எட்டுக்கும், கருமாதிக்கும் யார் யார் என்ன கொண்டு வருவது என்று கணக்கு இருக்கிறது. சேர்ச்சுக்குப் போகிற குடும்பங்களிலும் ஜெபத்தில் முன்வரிசை குடும்பத்துக்குத்தான். இதெல்லாம் பிழை என்று நாங்கள் சொல்ல வரவில்லை. துக்கத்தில் மனிதனுக்குக் கைகால் ஓடாது. அந்த நேரத்தில் "நீ இதைச் செய், நீ அங்கே நில்" என்று சொல்ல ஒரு முறை இருப்பது பெரிய உதவி. கையில் வேலை இருந்தால் மனசு கொஞ்சம் தாங்கும்.

ஆனால் கூட்டாளிக்கு அந்த வேலை இல்லை. எந்தச் சடங்கிலும் அவருக்கு இடம் இல்லை. கணக்குப் பார்த்தால் செத்துப்போனவர் தன் சொந்த அண்ணனை வருடத்துக்கு இரண்டு தரம் பார்த்திருப்பார், தீபாவளிக்கும் திருவிழாவுக்கும். பக்கத்து நிரைக்காரியை ஒவ்வொரு நாளும் பார்த்திருப்பார். புருஷன் குடித்துவிட்டு வந்த கதை, மகள் பெரியபிள்ளையான கதை, அடகுக் கடையில் தோடு மூழ்கிப்போன கதை, எல்லாம் அந்தப் பக்கத்து நிரைக்குத்தான் தெரியும். சொந்தக்காரருக்குத் தெரியாது. அப்படிப்பட்டவருக்குத் துக்கம் இல்லையா? இருக்கிறது. ஆனால் "உனக்கென்ன, நீ என்ன கூடப் பிறந்தவளா?" என்று ஒரு வார்த்தை வந்தால் அந்தத் துக்கம் வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விடும்.

சாவு வீட்டில் கூட்டாளி செய்யக்கூடியது என்ன என்று எங்கள் குழுவில் பேசினோம். பார்த்ததையும் செய்ததையும் வைத்துச் சில விஷயங்களைச் சொல்கிறோம்.

முதலாவது, போகவேண்டும். "நம்மால் அந்த முகத்தைப் பார்க்க முடியாது" என்று சிலர் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். அது மனக்கல் இல்லை, மனம் தாங்காததுதான். ஆனாலும் போவது நல்லது. திடீர்ச் சாவை மனசு நம்பாது. நோயில் கிடந்து இறந்தவரைக் கொஞ்சம் கொஞ்சமாக வழியனுப்பி இருப்போம். நேற்று சிரித்துப் பேசியவர் இன்று இல்லை என்றால் மனசு "இல்லை, இல்லை" என்றுதான் சொல்லும். முகத்தைப் பார்த்து, வாய்க்கரிசி போட்டு, மண் போடுகிறவரைக்கும் கூட நின்றால்தான் மனசு மெல்ல ஒத்துக்கொள்ளும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிந்தபோது சில குடும்பங்களுக்கு உடல்கூடக் கிடைக்கவில்லை. முகம் பார்க்காத துக்கம் எவ்வளவு கொடியது என்று அந்தச் சனங்களுக்குத்தான் தெரியும். முகம் பார்க்கக் கிடைத்தவர்கள் அதை விட்டுவிடக்கூடாது.

இரண்டாவது, வேலையைக் கையில் எடுக்கவேண்டும். அழுதுகொண்டு நிற்கிற வீட்டாரிடம் போய் "என்ன செய்யணும், சொல்லுங்க" என்று கேட்டால் அவர்களுக்குச் சொல்லத் தெரியாது. கேட்காமல் செய்யுங்கள். சாவு வீட்டில் அடுப்பு எரியாது. சின்னப்பிள்ளைகளுக்குப் பசிக்கும். எங்களில் இரண்டு பேர் ரொட்டி சுட்டார்கள். இரண்டு பேர் பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டே இருந்தார்கள். ஒருவர் கணவருடைய பிரஷர் மாத்திரையைத் தேடிக் கொண்டுவந்து கொடுத்தார். மூன்று பேர் தூரத்தில் இருந்து வந்த சொந்தக்காரருக்குத் தங்கள் காம்பராவை ஒழித்துக் கொடுத்தார்கள். ஆம்பிளைகள் குழி வெட்டப் போனார்கள். இதுதான் கூட்டாளிக்கு உள்ள முறை. யாரும் எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான்.

மூன்றாவது, அழவேண்டும். பெண்களுக்கு ஒப்பாரி இருக்கிறது. நமது பாட்டிமார் ஒப்பாரி வைக்கும்போது செத்தவருடைய வாழ்க்கை முழுவதும் அதற்குள் வரும். எத்தனை மைல் நடந்தாள், எத்தனை கூடை சுமந்தாள், யாருக்குச் சோறு போட்டாள் என்று எல்லாம் வரும். இப்போது சில வீடுகளில் ஸ்பீக்கர் வைத்துப் பாட்டுப் போடுகிறார்கள். அதனால் பக்கத்தில் இருப்பவர் அழுவதுகூடக் கேட்பதில்லை. ஸ்பீக்கரைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்கள். தெரிந்தவர்கள் ஒப்பாரி சொல்லட்டும்.

ஆம்பிளைகளுக்கு ஒரு வார்த்தை. கூட்டாளி செத்துப்போனால் உங்களுக்கு அழத் தெரியவில்லை. உடனே போத்தல் வருகிறது. "குழி வெட்டினவனுக்கு வேணும், பாடை தூக்கினவனுக்கு வேணும்" என்று ஆரம்பிக்கிறது. இரவாகும்போது பழைய சண்டை எல்லாம் எழும்புகிறது. சாவு வீட்டில் அடிதடி நடந்து பொலிஸ் வந்த கதை நமது தோட்டங்களில் புதிது இல்லை. அந்தச் சாராயத்துக்குக் கொடுத்த காசு யாருடைய காசு? பெரும்பாலும் செத்தவர் குடும்பம் வட்டிக்கு வாங்கிய காசு. உங்கள் கூட்டாளிமேல் உங்களுக்கு உண்மையாகவே பாசம் இருந்தால் அவன் பிள்ளைகள் தலையில் அந்தக் கடனை ஏற்றாதீர்கள். அழுகை வந்தால் அழுங்கள். ஆம்பிளை அழுதால் மலை ஒன்றும் சரியாது.

இனி, பிள்ளைகள் விஷயம். அம்மா "ஊருக்குப் போயிருக்கா", "தூங்குறா" என்று சின்னதுகளிடம் சொல்லுகிறோம். நல்ல எண்ணத்தில்தான் சொல்லுகிறோம். ஆனால் அந்தப் பிள்ளை ஒவ்வொரு நாளும் பாதையைப் பார்த்துக்கொண்டு இருக்கும். தூங்கவே பயப்படும். "அம்மா செத்துப்போயிட்டாங்க, இனி வரமாட்டாங்க, நாங்க இருக்கோம்" என்று மடியில் வைத்துச் சொல்லுங்கள். பிள்ளை அழும். அழட்டும். பொய் சொன்னால் பிறகு ஒரு நாள் தனியாக அழும்.

இன்னொரு கெட்ட பழக்கம், காரணம் தேடுவது. திடீரென்று ஒருவர் இறந்துவிட்டால் "சூனியம் வச்சிட்டாங்க", "அந்தக் காம்பராவே சரியில்லை", "மருமகள் வந்த நேரம்" என்று பேச்சுக் கிளம்பும். துக்கத்துக்கு ஒரு எதிரி வேண்டியிருக்கிறது. அந்தப் பேச்சு கடைசியில் அப்பாவிப் பெண் ஒருத்தியின் தலையில்தான் விழும். சிலர் தங்கள்மேலேயே பழியைப் போட்டுக்கொள்கிறார்கள். "மலைக்குப் போகாதேன்னு சொல்லியிருந்தா பிழைச்சிருப்பாளே" என்று இரவெல்லாம் தூங்காமல் இருக்கிறார்கள். உள்ளே இரத்தக்குழாய் அடைத்தது பக்கத்தில் இருப்பவர் கண்ணுக்குத் தெரியாது. அப்படிப் புலம்புகிறவரைத் திட்டாமல், கூட இருந்து இதைத் திரும்பத் திரும்பச் சொல்லவேண்டும்.

இப்போது கொஞ்சம் காரியமான விஷயங்கள். இவை தெரியாததால் குடும்பங்கள் அலைந்து திரிகின்றன.

திடீர் மரணம் என்றால் உடலை உடனே வீட்டுக்குத் தரமாட்டார்கள். திடீர் மரண விசாரணை அதிகாரி விசாரிப்பார். தேவைப்பட்டால் பிரேத பரிசோதனை நடக்கும். இது சட்டப்படி உள்ள நடைமுறை. யாரையும் சந்தேகப்படுகிறார்கள் என்று அர்த்தம் இல்லை. வீட்டார் பயந்து சத்தம் போடாமல் இருக்க, நிதானமான ஒரு கூட்டாளி கூடப் போகவேண்டும். இறந்தவருடைய அடையாள அட்டை, கிளினிக் கொப்பி, விவாகப் பதிவுப் பத்திரம் இருந்தால் அதையும் கையோடு கொண்டு போங்கள்.

மரணத்தைப் பதிவு செய்து மரணச் சான்றிதழ் எடுப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். தோட்ட அலுவலகத்திலும் கிராம உத்தியோகத்தரிடமும் உடனே அறிவியுங்கள். பதியும்போது பெயர் எழுத்தைக் கவனியுங்கள். நமது சனங்களுக்குப் பெரிய தலைவலி இதுதான். அடையாள அட்டையில் ஒரு பெயர், செக்ரோலில் ஒரு பெயர், பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர். ஒரே ஆள்தான் என்று நிரூபிக்கக் குடும்பம் மாதக்கணக்கில் நடக்கும்.

சேமலாப நிதியில் தொழிலாளியின் சம்பளத்தில் 8 வீதமும் தோட்டத்தின் பங்காக 12 வீதமும் சேர்கிறது. நம்பிக்கை நிதிக்குத் தோட்டம் இன்னும் 3 வீதம் கட்டுகிறது. தொழிலாளி இறந்தால் அந்தப் பணம் அவர் பெயர் குறித்து வைத்தவருக்கு, அப்படி இல்லாவிட்டால் சட்டப்படியான உரித்தாளிகளுக்குச் சேரவேண்டும். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, ஐந்து வருடம் முடித்தவர் இறந்தால் பணிக்கொடையும் குடும்பத்துக்கு உரியது. இது யாரும் இரக்கப்பட்டுத் தருகிற காசு இல்லை, அவர் உழைத்த காசு. வேலை செய்யும்போது நடந்த விபத்தில் இறந்தால் நட்டஈடு கேட்கவும் சட்டம் இருக்கிறது. தொழில் அலுவலகத்தில் விசாரியுங்கள்.

இதில் ஒரு முக்கியமான எச்சரிக்கை. சாவு நடந்த வாரத்தில் எந்தக் கடுதாசியிலும் கைநாட்டோ கையெழுத்தோ வைக்காதீர்கள். கடன்காரன் வருவான், தரகன் வருவான், "இந்த ஃபோரத்தில ஒரு கையெழுத்துப் போடு, எல்லாம் நாங்க பார்த்துக்கிறோம்" என்பான். "எட்டு முடியட்டும், படிச்சுப் பார்த்துட்டுச் சொல்றோம்" என்று பதில் சொல்ல ஒரு கூட்டாளி பக்கத்தில் இருந்தால் போதும்.

மரண உதவிச் சங்கத்துக்குச் சந்தா கட்டுங்கள். மாதம் மாதம் கொடுக்கும் சின்னக் காசு அந்த நேரத்தில் பெட்டிக்கும் பந்தலுக்கும் ஆகும். மலர்ச்சாலையில் விலை கூடிய பெட்டி எடுத்தால்தான் மரியாதை என்று நினைக்காதீர்கள். பெட்டி மண்ணுக்குள் போய்விடும், கடன் லயத்துக்குத் திரும்பி வரும்.

இனிச் சொல்லப்போவதுதான் எங்களுக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. சாவு வீட்டுக்கு எல்லோரும் வருகிறார்கள். பதினாறு முடிந்ததும் எல்லோரும் போய்விடுகிறார்கள். பந்தல் பிரித்துவிடுவார்கள், வாடகைக் கதிரை திரும்பப் போய்விடும். உண்மையான துக்கம் அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. வீட்டுக்காரர் சாயங்காலம் வேலை விட்டு வருகிறார், அடுப்பில் நெருப்பில்லை. பிள்ளை ஸ்கூல் சட்டையைத் தேடுகிறது, எங்கே இருக்கிறது என்று சொல்ல ஆளில்லை. கூட்டாளியின் முறை அங்கேதான் வருகிறது.

நமது பழந்தமிழ்ப் புலவர் கபிலரைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். பறம்பு மலையை ஆண்ட பாரி வள்ளல் அவருடைய உயிர்க் கூட்டாளி. மூவேந்தரும் சேர்ந்து பாரியைக் கொன்றபிறகு அவனுடைய மகள்மார் இரண்டு பேர் அநாதையாக நின்றார்கள். கபிலர் அவர்களைக் கூட்டிக்கொண்டு, நல்ல இடத்தில் கட்டிக்கொடுக்கவேண்டும் என்று அரசர்களுடைய வாசலுக்கு நடந்தார். முடியாது என்றவர்களும் இருந்தார்கள். ஆனாலும் அந்தப் பிள்ளைகளைத் தன் பிள்ளைகள் என்றே அவர் சொன்னார். அவர் பாரிக்குச் சொந்தம் இல்லை. கொள்ளி வைக்க உரிமை இல்லாதவர். ஆனால் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள யாரிடமும் உரிமை கேட்கவில்லை. கடைசியில் கபிலர் பாரியின் பிரிவு தாங்காமல் உண்ணாமல் இருந்து உயிர்விட்டார் என்பார்கள். அதை மட்டும் நாம் பின்பற்றக்கூடாது. செத்தவருக்கு நாம் கொடுக்கக்கூடியது நம் உயிர் இல்லை, நம் நேரம்.

உங்களில் யாருக்காவது "நானும் போயிடலாம் போல இருக்கு" என்று தோன்றினால், அதை மனசுக்குள் வைத்துக்கொண்டு இருக்கவேண்டாம். பக்கத்துக் காம்பராவைத் தட்டுங்கள். 1926 என்ற இலக்கத்துக்குப் பேசினால் தேசிய மனநல நிறுவனத்தில் ஆள் இருப்பார்கள். வாரக்கணக்கில் தூக்கம் இல்லாமல், சாப்பாடு இறங்காமல், வேலைக்கு எழும்ப முடியாமல் இருந்தால் ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். அது பைத்தியம் இல்லை. துக்கத்தில் உடம்பும் நோகும்.

இன்னும் ஒரு விஷயம். பெண்களுக்கு மாரடைப்பு வரும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுவார்கள் என்று மட்டும் இல்லை. முதுகு, தோள், தாடை வலிக்கலாம். நெஞ்சு எரியலாம், வாந்தி வரலாம், குளிர்ந்து வியர்க்கலாம், காரணம் இல்லாமல் மூச்சு வாங்கலாம். "வாயு" என்று சொல்லிக்கொண்டு மலைக்கு ஏறாதீர்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும், காசு இல்லை. பிரஷரும் சீனியும் இருப்பவர்கள் கிளினிக் நாளைத் தவறவிடாதீர்கள். ஒரு நாள் பேர் போனால் போகட்டும். பக்கத்து நிரைக்காரியின் முகம் வெளிறியிருந்தால் நீங்களே கங்காணியிடம் சொல்லுங்கள். அவள் சொல்லமாட்டாள்.

கடைசியாக, எங்கள் பதினாலு பேரும் எடுத்த முடிவைச் சொல்லிவிடுகிறோம். இந்த வருடம் முடியும்வரை சனிக்கிழமைகளில் முறை வைத்து இரண்டு பேர் அந்த வீட்டுக்குப் போகிறோம். துணி துவைக்கவேண்டுமா, சின்னவளுக்குத் தலை பின்னவேண்டுமா, சேமலாப நிதி ஃபோரம் நிரப்பவேண்டுமா, எதுவென்றாலும் செய்கிறோம். ஒன்றும் இல்லாவிட்டால் இஸ்தோப்பில் உட்கார்ந்து அவளைப் பற்றிப் பேசுகிறோம். செத்தவர் பேரை எடுத்தால் அழுவார்களே என்று யாரும் அந்த வீட்டில் அவள் பேரைச் சொல்வதில்லை. சொல்லாமல் விட்டால் பிள்ளைகள் அம்மாவை இரண்டாம் தரம் இழந்துவிடுவார்கள். மலையில் அவள் எப்படிச் சிரிப்பாள், யாரைக் கேலி பண்ணுவாள், நிறைக்காரரோடு எப்படிச் சண்டை பிடிப்பாள் என்பதெல்லாம் எங்களுக்குத்தான் தெரியும். அதை அந்தப் பிள்ளைகளிடம் ஒப்படைக்கவேண்டியது எங்கள் கடன்.

சாவு வீட்டிலிருந்து கிளம்பும்போது "போயிட்டு வாறோம்" என்று சொல்லக்கூடாது என்பது நமது வழக்கம். அது சாவு நாளைக்கு மட்டும் உள்ள வழக்கம். முப்பத்தொன்று முடிந்த பிறகு சொல்லலாம். சொல்லிவிட்டு, சொன்னபடி திரும்பவும் வாருங்கள்.

சனிக்கிழமை முறையில் சேர விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் பேர் கொடுங்கள். ஆம்பிளைகளும் கொடுக்கலாம்.